கோணல் கோட்டின் வரலாறு

கணினித் திரையில் கையால் வரைவதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1963 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு அது. அவர் எழுதிய நிரலுக்கு ஸ்கெட்ச்பேட் என்று பெயர். லிங்கன் ஆய்வகத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த டிஎக்ஸ்-2 கணினிதான் அதற்குக் களம். வரைகிறவரின் ஒரு கையில் ஒளிப்பேனா இருக்கும், மறு கை பொத்தான்களின் மேல் இருக்கும். படம் தெரியும் பரப்பு ஏழு அங்குலச் சதுரம். பேனா என்று பெயரே தவிர அதிலிருந்து மையும் வராது, ஒளியும் வராது. திரையில் மின்னும் புள்ளி தன் முனைக்கு நேரே வந்ததும் கணினிக்குத் தகவல் சொல்லும் ஓர் உணரி, அவ்வளவுதான். பேனா போகும் திசையைத் தவறவிடாமல் இருக்கக் கணினி ஒரு சிறு சிலுவைக் குறியை அதன் முனைக்கடியில் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். பேனாவை வெடுக்கென்று உதறினால் சிலுவை பின்தங்கிவிடும், வரைவது நின்றுவிடும். கன்றின் பின்னால் ஓடும் பசுவைப் போல இயந்திரம் கையைத் தொடர்ந்து ஓடிய முதல் காட்சிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஸ்கெட்ச்பேடில் ஸ்கெட்ச் போட முடியாது. வரைபவர் பொத்தானை அழுத்திப் பேனாவை நகர்த்தினால், தொடங்கிய இடத்துக்கும் பேனா முனைக்கும் நடுவே ரப்பர் நாடா மாதிரி ஒரு நேர்கோடு இழுபடும். வட்டவில் வேண்டுமானால் வட்டவில் வரும். நடுங்கிய, தயங்கிய, திரும்பி வந்து தடவிய கோடு எதற்கும் அங்கே இடமில்லை. ஆய்வேட்டின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அறுகோணம். ஆறு பக்கமுள்ள ஓர் ஒழுங்கற்ற உருவத்தை வரைந்து, அதன் மூலைகளை ஒரு வட்டத்தின் மேல் நிறுத்தி, பக்கங்கள் யாவும் சம நீளம் என்று கட்டளையிட்டால், கண்ணெதிரே உருவம் குலுங்கி நிமிர்ந்து சீரான அறுகோணமாகிவிடும். பார்த்தவர்கள் வியந்தது நியாயம். என் வாதமும் அந்த வியப்பிலிருந்துதான் தொடங்குகிறது. கோணல் கோடு என்றால் திருத்த வேண்டிய பிழை என்ற எண்ணம் இந்தத் துறைக்குள் அன்றே குடியேறிவிட்டது. அதன் பிறகான அறுபது ஆண்டுகளில் நடந்த நல்ல ஆய்வுகளில் பல, அந்தக் கோணலுக்குள் தகவல் இருக்கிறது என்று கண்டுகொண்டவை. தடுமாறியவை, கோட்டை அவசரப்பட்டு நிமிர்த்தியவை.

சதர்லாண்டை இதற்குக் குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அவருக்கு வேண்டியிருந்தது பொறியியல் வரைபடம். பாலத்தின் சட்டத்தில் எந்தத் தண்டில் எவ்வளவு விசை, ஒரு பொறியமைப்பை அசைத்தால் எந்த மூட்டு எப்படி நகரும் என்பவைதான் அவர் கேள்விகள். அங்கே பொருள் கோட்டின் வடிவத்தில் இல்லை, கோடுகளுக்கிடையேயான உறவில் இருக்கிறது. ஆனாலும் அதே ஆய்வேட்டில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. நெஃபர்டைட்டி என்று பெயர் வைத்து, புகைப்படத்தைப் பின்பற்றி வரைந்து, கண்ணை மாற்றி மாற்றிப் பொருத்திச் சிமிட்ட வைத்திருக்கிறார். கலைப் படங்கள் என்ற தலைப்பில் அது வருகிறது. பொறியாளரின் கருவிக்குள் சித்திரக்காரர் எட்டிப் பார்த்த இடம் அது. அவருக்குத் தேவையான கோடுதான் அங்கே இல்லை.

கையின் கோட்டை உள்ளபடி வாங்கும் வசதி விரைவிலேயே வந்தது. 1964இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலுள்ள ராண்ட் நிறுவனத்தில் ஒரு வரைபலகை உருவானது. அகலமும் உயரமும் பத்து அங்குலத்துக்குச் சற்று மேல், அங்குலத்துக்கு நூறு கம்பிகள். பத்து லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் எழுத்தாணி எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். அதன் மேல் எழுந்த கிரெயில் என்ற அமைப்பில் கைபோன போக்கில் ஒரு பெட்டி வரைந்தால் அச்சடித்தாற்போன்ற பெட்டி வந்து உட்காரும். எழுத்தை எழுதினால் அச்செழுத்தாகும். வேண்டாததன் மேல் கிறுக்கினால் அது மறையும். இன்று தொடுதிரையில் செய்கிற பலவற்றின் மூதாதை இது. ஆனால் கோடு வாங்கப்பட்டது தூக்கி எறிவதற்காகத்தான். கை வரைந்ததற்கும் திரை காட்டியதற்கும் நடுவில் ஒரு கண்டிப்பான வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாத்தியாரை முதலில் சந்தேகித்தவர்கள் கட்டிடக் கலையைச் சேர்ந்தவர்கள் என்பதில் ஆச்சரியமில்லை. அவர்களது தொழிலே கிறுக்கலில் தொடங்குவது. 1970களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் நிக்கலஸ் நெக்ரபாண்டியின் ஆர்க்கிடெக்சர் மெஷின் குழுவில் ஹஞ்ச் என்ற நிரல் உருவானது. ஜேம்ஸ் டேகர்ட் எழுதியது. வரைபலகை எழுத்தாணியின் இடத்தைச் சம கால இடைவெளியில் பதிகிறது. ஆகவே புள்ளிகள் நெருங்கி இருந்தால் கை மெதுவாகப் போனது என்று பொருள், தள்ளித் தள்ளி இருந்தால் வேகமாகப் போனது என்று பொருள். மனிதர்கள் மூலை வந்ததும் கையை மெதுவாக்குகிறார்கள். அப்படியானால் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து மூலையைத் தேடுவதைவிட, கை எங்கே தயங்கியது என்று பார்ப்பது நல்லது. வெகு எளிய யோசனைதான். ஆனால் கோட்டைக் காகிதத்தில் கிடக்கும் தடமாகப் பார்க்காமல், நேரத்தில் நடந்த செயலாகப் பார்த்த யோசனை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2001இல், அதே எம்.ஐ.டி.யில் ராண்டல் டேவிஸின் குழு கையால் வரைந்த படங்களைப் புரிந்துகொள்ளும் நிரல் எழுதியபோதும், வளைவோடு வேகத்தையும் சேர்த்தே மூலைகளைக் கண்டுபிடித்தது.

ஹஞ்ச் சறுக்கிய இடமும் கவனிக்க வேண்டியது. இரண்டு கோடுகளின் முனைகள் பக்கத்தில் வந்தால் அவற்றைச் சேர்த்து ஒட்டிவிடுவது அதன் வழக்கம். வீட்டுத் திட்டம் வரைகிறவர் சுவரில் ஒரு சிறு இடைவெளி விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கவனக்குறைவா, வாசலா? தூரத்தை மட்டும் அளக்கிற நிரலுக்குத் தெரியாது. 1976இல் அதே குழுவின் கிறிஸ்டபர் ஹெரட் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை மறைக்காமல் பேசுகிறது. என்ன வரைகிறார்கள் என்ற சூழல் தெரியாமல், வரைகிறவரையும் உள்ளே இழுக்காமல், கோட்டிலிருந்து கருத்தைத் தனியே பிழிந்தெடுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். இந்தத் துறையின் நேர்மையான கட்டுரைகளில் ஒன்றாக அதை எண்ணுகிறேன். தோல்வியை அது திறமைக் குறைவாகச் சொல்லவில்லை, கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்று காட்டியது.

இதற்கு மறுப்பாக ஒரு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வரிசை இலக்கணங்களால் விவரிக்கலாம் என்று காட்டும் ஆய்வை, கணினி வரைகலைக்கான பன்னாட்டு இதழில் வெளியிட்டார்கள். விதிகளை எழுதினால் கோலம் தானாக விரியும், பெரிதாகும். அங்கே கையின் நடுக்கத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. மாவு ஓரிடத்தில் தடித்தாலும் சிக்குக் கோலம் சிக்குக் கோலம்தான், புள்ளியைச் சுற்றிக் கம்பி சரியாகப் போயிற்றா என்பதே கணக்கு. அப்படியென்றால் கோணலுக்குள் தகவல் இருக்கிறது என்ற என் வாதம் என்னாவது? கோலம் போடுகிறவருக்கு முடிவு என்னவென்று முன்பே தெரியும். புள்ளி வைத்தபோதே பாதிக் கோலம் முடிந்துவிட்டது. கட்டிடக் கலைஞரின் முதல் கிறுக்கலில் முடிவு இன்னும் பிறக்கவே இல்லை. இலக்கணம் முதலாவதற்குப் பொருந்துகிறது, இரண்டாவதற்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. பெட்டிகளும் அம்புகளும் கொண்ட பாய்வு வரைபடத்துக்குக் கிரெயில் கச்சிதமாகப் பொருந்தியதும் இதனால்தான். வரைந்தவர்களுக்கு அது பெட்டி என்று முன்பே தெரியும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கணினி வரைகலையின் பெருவழி வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையில் ஒளி எப்படி வளைகிறது, பளபளப்பான பந்தில் அறை எப்படித் தெரிகிறது என்று, புகைப்படம் என்றே நம்பும்படி படம் செய்வதுதான் 1980களின் வெறி. 1990இல் அமெரிக்காவின் சிக்ராஃப் மாநாட்டில் பால் ஹேபர்லி இதற்கு நேரெதிரான ஒன்றைக் காட்டினார். ஒரு புகைப்படம் பின்னால் மறைந்திருக்கும். பயனர் மவுஸை நகர்த்தினால் அந்த இடத்தின் நிறத்தைப் புகைப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு தூரிகைத் தீற்றல் விழும். நிறத்தைப் படம் தருகிறது, தீற்றலின் இடத்தையும் திசையையும் கை தருகிறது. முகத்தில் சிறு தீற்றல், பின்னணியில் பெரும் தீற்றல் என்று கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜஸ் விங்கன்பாக்கும் டேவிட் சேல்சினும் கட்டிடங்களின் முப்பரிமாண மாதிரியிலிருந்து பேனா-மைச் சித்திரம் தீட்டும் நிரலைக் காட்டினார்கள். புகைப்படம் போலில்லாத வரைகலை என்று இன்று அழைக்கப்படும் துறைக்குப் பெயர் வந்ததும் அவர்கள் கட்டுரையை ஒட்டித்தான்.

அந்த நிரலில் ஒரு சின்ன விஷயம் உண்டு. செங்கல் சுவரை வரையும் நல்ல சித்திரக்காரர் ஒவ்வொரு செங்கல்லையும் வரைவதில்லை. மூலையில் நாலு, சன்னலுக்கடியில் ஆறு என்று அங்கங்கே கோடிட்டுவிட்டு மீதியை வெறுமையாக விடுவார். பார்ப்பவர் மனம் சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கிக்கொள்ளும். இதை இயந்திரத்துக்குக் கற்றுத்தர அவர்களால் முழுதாக முடியவில்லை. நுணுக்கம் எங்கே வேண்டும் என்று பயனரே சில கோடுகளைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எதை வரைவது என்று கணினியிடம் சொல்வது எளிது. எதை வரையாமல் விடுவது என்பதற்கு மனிதர் வேண்டியிருந்தார். உள்ளே வரும் கோட்டின் பக்கத்தில் ஹெரட் இடித்துக்கொண்ட அதே சுவர் இது, இம்முறை வெளியே போகும் படத்தின் பக்கத்திலிருந்து. சொல்லாமல் விட்டதற்கும் பொருள் உண்டு.

இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான் என்பதற்கு நேரடிச் சான்றும் 1990களின் நடுவில் கிடைத்தது. ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்ட்ரோடாட்டின் குழு, ஒரே கட்டிடத்தைக் கறாரான கணினி வரைபடமாகவும், நிழலிட்ட படமாகவும், கையால் வரைந்தது போன்ற கீற்றோவியமாகவும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டிடக் கலைஞர்களிடமும் மாணவர்களிடமும் காட்டியது. தொடக்கநிலைத் திட்டத்தை வாடிக்கையாளரிடம் எடுத்துப்போகக் கீற்றோவியத்தை விரும்பியவர்கள் அதிகம். முடிந்த திட்டத்துக்குத்தான் மற்ற இரண்டும். காரணம் யோசித்தால் புரியும். வழவழப்பான படத்தைப் பார்த்தவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி, ஓடு சிவப்பா பழுப்பா என்று கேட்பார். கிறுக்கலாக இருந்தால் மாடிப்படியை இந்தப் பக்கம் போடலாமே என்பார். 1995இல் கார்னகி மெலனில் ஜேம்ஸ் லேண்டே செய்த சில்க் என்ற கருவி இதே எண்ணத்தில் நின்றது. மென்பொருள் திரைகளை எழுத்தாணியால் கிறுக்கலாம், பொத்தானை அழுத்திப் பார்க்கலாம், ஆனால் பொத்தான் கிறுக்கலாகவே நிற்கும். அச்சான பொத்தானாக மாறுவது, வரைந்தவர் கேட்கும்போதுதான். அடுத்த ஆண்டு மார்க் கிராஸும் எலன் டோவும் விவரித்த எலக்ட்ரானிக் காக்டெயில் நாப்கின், ஒரு குறிக்குப் பல பொருள் சாத்தியம் என்றால் உடனே ஒன்றைத் தேர்ந்துவிடாமல் தள்ளிப்போட்டது. விருந்து மேசையின் காகிதத் துண்டில் கிறுக்குவதைப் போல இருக்கட்டும் என்றுதான் அந்தப் பெயர்.

இங்கே எழும் எதிர்ப்பு கூர்மையானது. திட்டம் எல்லாம் முடிவாகிவிட்டது, கணினியில் மில்லிமீட்டர் சுத்தமாக அளவுகள் இருக்கின்றன, அதன் மேல் ஒரு நடுக்கத்தைப் பூசி 'இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்' என்று வாடிக்கையாளரிடம் காட்டினால் அது பொய்யல்லவா? பொய்தான். செயற்கை நடுக்கம் விற்பனைத் தந்திரமாக மாறியதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பொய் கருவியில் இல்லை, காட்டியவரிடம் இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஜெலஸ்னிக் குழு 1996இல் வெளியிட்ட ஸ்கெட்ச் என்ற நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் சேரும் மூன்று கோடுகளை அச்சுகளின் திசையில் போட்டால் ஒரு பெட்டி எழுந்து நிற்கும். அந்தப் பெட்டியின் ஆழமும் இடமும் கணினி ஊகித்தவை. அதனால் அது பெட்டியைக் கிறுக்கலாகவே காட்டியது. தனக்கு நிச்சயமாகத் தெரியாததை நிச்சயமில்லாதது போலவே காட்டிய இயந்திரம் பொய் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிறுக்கலைக் கொண்டாடிய அந்த நிரல் எழுத்தாணியைக்கூடக் கேட்கவில்லை, மூன்று பொத்தான் மவுஸே போதும் என்றிருந்தது.

1999இல் டோக்கியோவிலிருந்து வந்த டெடி, இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்த படைப்பு. டாக்கேயோ இகராஷி, சத்தோஷி மாட்சுவோக்கா, ஹிதேஹிக்கோ தனாக்கா மூவரும் செய்தது. மூடிய ஒரு கோட்டை வரைந்தால் அது பலூன்போல ஊதி முப்பரிமாண உருவமாகும். அகலமான பகுதி குண்டாகும், குறுகலான பகுதி மெலியும். கரடி பொம்மையின் உடலை வரைந்து, மேலே இன்னொரு கோட்டில் காதை இழுத்து, வேண்டாததைக் குறுக்கே ஒரு கோட்டால் வெட்டிவிடலாம். புதிதாகத் தொடுகிறவர் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறார் என்று கட்டுரை சொல்கிறது. குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஓட்டையுள்ள எதையும் அதில் செய்ய முடியாது, அதாவது உளுந்து வடைக்கு வழியில்லை. ஆனாலும் அங்கே கை போட்ட கோட்டின் வளைவு அப்படியே பொம்மையின் வெளிவிளிம்பாக நிற்கிறது. ஒரு குழந்தை கோணலாக வரைந்தால் கோணலான கரடி வரும். இயந்திரம் ஊகித்தது கோடு சொல்லாத பக்கத்தை, அதாவது உருவத்தின் தடிமனை மட்டும்தான். வாத்தியார் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

இவ்வளவு இருந்தும் பொறியியல் அலுவலகங்களில் இன்றும் மவுஸும் பட்டியல்களும்தானே ஆள்கின்றன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பட்டியல் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. கையசைவோ கற்றுக்கொண்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் உண்டு, வெளியே இல்லை. ஆனால் துறை செத்துவிடவில்லை. கலைநய வரைகலைக்கான தனிக் கருத்தரங்கு 2000இல் பிரான்ஸின் அன்சியில் தொடங்கியது. கோட்டு இடைமுகங்களுக்கான பட்டறை 2004இல் கிரனோபிளில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் இரண்டும் எக்ஸ்ப்ரெஸிவ் என்ற ஒரே பெயரின் கீழ் கூடின. உள்ளே வரும் கோடும் வெளியே போகும் கோடும் ஒரே குடும்பம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டில் இருப்பது எவ்வளவு, நாம் ஏற்றிச் சொல்வது எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் பிரின்ஸ்டனில் ஃபாரஸ்டர் கோல் முதலானோர் 29 ஓவியர்களிடம் 12 உருவங்களைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். வரைந்த கோடுகளில் 75 சதவீதம் இன்னொருவரின் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தன. மேதைமை, தனித்துவம் என்றெல்லாம் பேசுகிற நமக்கு இது நல்ல குட்டு. உருவத்தின் விளிம்பில் எல்லாரும் ஒன்றுபோலவே கோடு போடுகிறார்கள், அதைக் கணிதமும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆய்வாளர்கள் கையிலெடுத்த எந்த அளவையாலும் சரியாக விளக்க முடியாத கோடுகள் 14 சதவீதம் இருந்தன. 2012இல் பெர்லினில் மத்தியாஸ் ஐட்ஸ் குழு 250 வகைப் பொருட்களின் 20,000 கிறுக்கல்களைத் திரட்டியபோது, மனிதர்களே 73 சதவீதத்தைத்தான் சரியாக அடையாளம் கண்டார்கள், கணினி 56 சதவீதத்தை. கிறுக்கலில் உள்ள ஐயம் இயந்திரத்தின் குறையில்லை, கிறுக்கலின் இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது நிலைமை தலைகீழ் என்பார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த கன்ட்ரோல்நெட் போன்ற முறைகளில் நாலு கோடு கிறுக்கினால் போதும், நிழலும் தோலும் மினுமினுப்புமாக முழுப் படமே வந்துவிடுகிறது. கிறுக்கலுக்கு இதைவிட மரியாதை உண்டா? எனக்கு இது அறுகோணத்தை நிமிர்த்திய அதே கை என்றுதான் படுகிறது, வலு மட்டும் பன்மடங்கு. சுவரில் விட்ட இடைவெளி வாசலா என்று அது கேட்பதில்லை. கதவு, கைப்பிடி, வெளியே ஒரு மரம் எல்லாம் வைத்துவிடுகிறது. பத்துப் படம் கேட்டால் பத்தும் தருகிறது, பத்தும் முடிந்த படங்கள். இதற்கு மாற்று வழியும் இந்த வரலாற்றிலேயே உண்டு. டெடிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997இல், இகராஷி செய்த பெகாசஸ் கோட்டை நிமிர்த்தியது, ஆனால் ஒரே விடையாக நிமிர்த்தவில்லை. இணையாக, செங்குத்தாக, சம நீளமாக என்று பல சாத்தியங்களைத் திரையில் நிறுத்தி வரைந்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வரைவுக் கருவி செய்கிற இன்றைய நிரலாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: திருத்துங்கள், தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் கை இழுத்த முதல் கோட்டை அழித்துவிடாதீர்கள். உங்கள் படத்துக்கு அடியில் மங்கலாகவாவது அது கிடக்கட்டும், வரைந்தவர் வேண்டும்போது அதற்குத் திரும்பிப் போகட்டும்.